உஷார்! எடைக்குறைப்பு ஆபரேஷன்: ஆபத்து இரண்டாம் வருஷத்தில்

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்துவிட்டீர்களா? அட்வான்ஸும் கட்டியாகிவிட்டதா? அப்படியானால் உங்கள் ஃபைலை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோபி, எக்கோ, வயிற்று ஸ்கேன், மயக்க மருந்து டாக்டரின் ஒப்புதல் எல்லாம் வரிசையாக இருக்கும். மனநல மருத்துவரோ உளவியல் நிபுணரோ உங்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு எழுதிக் கொடுத்த காகிதம் ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். ராத்திரி எழுந்து சாப்பிடுவீர்களா, வாரத்துக்கு எத்தனை முறை குடிப்பீர்கள், வாழ்ந்தது போதும் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா என்று ஒருவர்கூட இதுவரை உங்களைக் கேட்கவில்லை என்றால், அந்தத் தேதியைத் தள்ளிப் போடுங்கள். அட்வான்ஸ் பணம் போனாலும் பரவாயில்லை.

இந்த ஆபரேஷனே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சொல்லவும் கூடாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சு நின்று போகும் குறட்டை நோய், தேய்ந்த மூட்டு என்று அவதிப்படுகிறவர்களுக்கு இது உயிர் காக்கும் சிகிச்சை. சுவீடனில் 1987இல் தொடங்கிய நீண்டகால ஆய்வு அதைப் பல வருஷம் பின்தொடர்ந்து உறுதி செய்திருக்கிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், எடைக்குறைப்பு ஆபரேஷனில் ஒரு வகையான இரைப்பை பைபாஸ் செய்துகொண்ட 7,925 பேரை, அதே அளவு பருமனோடு ஆபரேஷன் செய்துகொள்ளாத 7,925 பேரோடு ஒப்பிட்ட ஆய்வு 2007இல் வெளியானது. சராசரியாக ஏழு வருஷக் கண்காணிப்பு. ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடம் மொத்த மரண விகிதம் 40 சதவீதம் குறைவு. சர்க்கரை நோயால் நேரும் மரணம் 92 சதவீதம் குறைவு. இந்த எண்களை மருத்துவமனை விளம்பரங்களில் நீங்கள் பார்த்திருக்கலாம்.

அதே ஆய்வில் இன்னோர் எண்ணும் இருக்கிறது. நோயால் அல்லாமல், விபத்தாலும் தற்கொலையாலும் நேர்ந்த மரணங்கள் ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடம் ஒன்றரை மடங்குக்கும் அதிகம். பத்தாயிரம் பேரை ஒரு வருஷம் கவனித்தால் மற்றவர்களில் சுமார் 6 பேர், இவர்களில் சுமார் 11 பேர் என்ற கணக்கு. மொத்தத்தில் பார்த்தால் சிறிய எண்தான். காப்பாற்றப்படும் உயிர்கள் அதைவிட மிக அதிகம். ஆனால் உடம்பு தேறி வரும் நேரத்தில் ஒருவர் உயிரை வெறுக்கிறார் என்றால், அவரை ஆபரேஷனுக்கு அனுப்பியவர்கள் எதையோ பார்க்கத் தவறியிருக்கிறார்கள்.

எதைப் பார்க்கத் தவறினார்கள் என்பதற்குக் கனடாவிலிருந்து ஒரு பதில் வந்தது. ஒன்டாரியோ மாகாணத்தில் ஆபரேஷன் செய்துகொண்ட 8,815 பேரின் பதிவுகளை, ஆபரேஷனுக்கு முந்தைய மூன்று வருஷம், பிந்தைய மூன்று வருஷம் என்று ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு அவசர சிகிச்சைக்கு வந்த சம்பவங்கள் ஆபரேஷனுக்குப் பிறகு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகியிருந்தன. அவற்றில் பெரும்பாலானவை இரண்டாம், மூன்றாம் வருஷங்களில் நடந்தவை. பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட சம்பவங்களில் சம்பந்தப்பட்டவர்கள், மனநலப் பாதிப்பு என்று ஏற்கெனவே கண்டறியப்பட்டவர்கள்.

அந்தக் கடைசி விவரம்தான் எனக்கு ஆத்திரத்தையும் நம்பிக்கையையும் ஒருசேரக் கொடுக்கிறது. இந்த ஆபத்து திடீரென்று எங்கிருந்தோ வந்து விழுவதில்லை. யாருக்கு வரக்கூடும் என்பதைப் பெரும்பாலும் ஆபரேஷனுக்கு முன்பே தெரிந்துகொள்ள முடியும். உட்கார்ந்து கேட்டால் போதும்.

முதல் வருஷம் ஏன் ஏமாற்றுகிறது?

எல்லோரும் ஆபரேஷன் தியேட்டரைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். கோயிலில் அர்ச்சனை செய்கிறார்கள், நல்ல நாள் பார்க்கிறார்கள், உறவுக்காரர்கள் வரிசையாக வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்காருகிறார்கள். அந்த நாள் பெரும்பாலும் நல்லபடியாகவே முடிகிறது.

அதன்பின் எடை மளமளவென்று இறங்கும். ஸ்லீவ் என்ற இன்னொரு வகை ஆபரேஷனில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கும் மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகமாகச் சுரக்கும் மேல்பகுதியும் அதோடு போய்விடுகிறது. அதனால் முதல் சில மாதங்களுக்குப் பலருக்குப் பசியே தெரியாது. பழைய சட்டை தொளதொளக்கும். சர்க்கரை மாத்திரை குறையும். பார்க்கிறவர்கள் எல்லாம் "ஆளே மாறிட்டீங்களே!" என்பார்கள். அந்தச் சந்தோஷத்தில் கவுன்சிலிங் எதற்கு என்று தோன்றும். டயட்டீஷியனைப் பார்க்கப் போவதும் நின்றுபோகும்.

பன்னிரண்டு மாதத்திலிருந்து பதினெட்டு மாதத்துக்குள் எடை இறங்குவது நிற்கும். எல்லோருக்கும் நிற்கும், அது தோல்வி இல்லை, உடம்பின் இயல்பு. பசி மெல்லத் திரும்பும். சிலருக்கு இரண்டு மூன்று கிலோ ஏறவும் செய்யும். பாராட்டியவர்கள் உங்கள் புது உருவத்துக்குப் பழகிப் போயிருப்பார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் போன் நின்றிருக்கும். கணவனோடு இருந்த பிணக்கு, ஆபீஸ் மேலதிகாரியின் குத்தல், சின்ன வயதில் யாரிடமும் சொல்லாமல் புதைத்த வேதனை எல்லாம் அப்படியே இருக்கும். முன்பு அந்த நேரங்களில் கைகொடுத்தது சாப்பாடு. இப்போது அந்த வழியும் அடைபட்டிருக்கும். அந்த இடத்துக்கு வேறெதையும் தயார் செய்யாமல் போனவர், இரண்டாம் வருஷத்தில் வெறுங்கையோடு நிற்கிறார்.

ஆகவே தயார் ஆவது என்றால் ஆபரேஷன் நாளைத் தாங்குவதற்கான தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு மயக்க மருந்து இருக்கிறது. இரண்டாம் வருஷத்தின் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை ராத்திரி, பதினோரு மணிக்கு மனசு கனக்கும்போது என்ன செய்வீர்கள் என்பதற்கு இப்போதே பதில் வைத்திருப்பதுதான் தயாரிப்பு.

மதுவைப் பற்றி மூடி மறைக்காதீர்கள்

இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒவ்வொரு எடைக்குறைப்பு ஆபரேஷன் மையத்தின் சுவரிலும் ஒட்ட வேண்டும். பைபாஸ் செய்துகொண்டவரின் உடம்பில் மது நடந்துகொள்ளும் விதமே மாறிவிடும். இரைப்பையில் தங்கிச் சிதையும் வாய்ப்பு இல்லாமல் நேராகச் சிறுகுடலுக்குப் போய் வேகமாக ரத்தத்தில் ஏறும். முன்பு தாங்கிய அளவு இப்போது தலைக்கேறும், இறங்கவும் நேரமெடுக்கும். ஸ்லீவ் செய்துகொண்டவர்களும் எச்சரிக்கையாகவே இருக்க வேண்டும். "ரெண்டு பெக்தானே" என்று வண்டியை எடுக்கிறவர், தன் உடம்பு பழைய உடம்பு இல்லை என்பதைத் தெரிந்துகொள்வதற்குள் விபத்து நடந்துவிடும்.

இது முதல் ஆபத்து. அடுத்தது இன்னும் மெதுவாக வரும். பைபாஸ் செய்துகொண்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் அமெரிக்க ஆய்வு, ஐந்து வருஷத்துக்குள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மது அடிமைத்தனத்தின் அறிகுறிகள் புதிதாகத் தலைகாட்டியதாகச் சொன்னது. அதற்கு முன் 2012இல் வெளியான முதல்கட்ட முடிவுகளில், முதல் வருஷத்தில் பெரிய மாற்றம் இல்லை. இரண்டாம் வருஷத்தில்தான் எண் ஏறியது. மறுபடியும் அதே இரண்டாம் வருஷம்! ஆண்களுக்கும், வயது குறைந்தவர்களுக்கும், ஏற்கெனவே குடிப்பழக்கமோ புகைப்பழக்கமோ உள்ளவர்களுக்கும், தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாதவர்களுக்கும் ஆபத்து கூடுதல்.

நம் ஊரில் சிக்கல் என்னவென்றால், டாக்டர் கேட்கும்போது பக்கத்தில் அப்பாவோ மனைவியோ உட்கார்ந்திருப்பார். "குடிப்பீங்களா?" என்றால் "இல்லைங்க சார், எப்பவாவது பார்ட்டியில" என்று பதில் வரும். அந்த ஒரு பொய்க்கு நீங்கள் கொடுக்கக்கூடிய விலை மிகப் பெரியது. குடும்பத்தாரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத் தனியாகப் பேச வேண்டும் என்று டாக்டரிடம் கேளுங்கள். அது உங்கள் உரிமை. குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை: சாப்பாட்டைக் குறைத்தவர் புதிதாக டாஸ்மாக் பக்கம் ஒதுங்குகிறார் என்றால், "பாவம், சாப்பிடத்தான் முடியல, இதாவது இருக்கட்டும்" என்று கண்டும் காணாமல் விட்டுவிடாதீர்கள்.

கல்யாணத்துக்காக ஆபரேஷனா?

இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது. பெண்ணுக்கு வரன் தள்ளிப் போகிறது. போட்டோவைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை வீட்டார் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். அம்மா அழுகிறாள். அத்தை ஒருத்தி, "இப்பல்லாம் ஆபரேஷன் இருக்காமே" என்று எடுத்துக் கொடுக்கிறாள். பெண்ணும் சரி என்கிறாள். அவள் சரி என்றது தனக்காகவா, அம்மாவின் அழுகையை நிறுத்துவதற்காகவா? இந்தக் கேள்வியை அவளைத் தனியாக வைத்துக் கேட்டுப் பதில் வாங்காமல் எந்தச் சர்ஜனும் கத்தியைத் தொடக் கூடாது. ஸ்லீவில் வெட்டி எடுத்த இரைப்பையைத் திரும்ப வைக்க வழியில்லை. கல்யாணம் நின்றுபோனாலும் அவள் வாழ்நாள் முழுக்க அந்தச் சின்ன வயிற்றோடுதான் வாழ வேண்டும்.

சரி, ஆபரேஷன் முடிந்து வரனும் அமைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதத்துக்குள் பலருக்கு முடி கொட்டும். உடம்பு வேகமாக இளைப்பதன் விளைவு அது. பெரும்பாலும் மறுபடி வளர்ந்துவிடும். ஆனால் நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்த வீட்டில் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வருகிறபோது, அந்தப் பெண்ணுக்கு அதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் ஒரு விஷயம், சொல்லாவிட்டால் பேரிடி. தோல் தொங்கும். துணி போட்டால் மெலிந்தவள், குளியலறைக் கண்ணாடியில் வேறொருத்தி. எடை குறைந்து பல மாதம் ஆன பிறகும் தன்னைப் பழைய உருவமாகவே காண்பதும் சகஜம்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை, கல்யாணமாகி மூன்றாம் மாதம் தொடங்கும் "விசேஷம் ஏதாவது உண்டா?" என்ற கேள்வி. ஆபரேஷனுக்குப் பிறகு குறைந்தது பன்னிரண்டிலிருந்து பதினெட்டு மாதம் கர்ப்பம் தரிக்கக் கூடாது என்பது மருத்துவ அறிவுரை. எடை சரிந்துகொண்டிருக்கும் உடம்பில் சிசுவுக்குச் சத்துப் போதாது. அதே நேரம், எடை குறையும்போது நின்றிருந்த மாதவிடாய் சீராகி, கருத்தரிக்கும் வாய்ப்பு கிடுகிடுவென்று கூடும். சினைப்பை நீர்க்கட்டி (பி.சி.ஓ.டி.) உள்ள பெண்களுக்கு இது இன்னும் பொருந்தும். பைபாஸ் செய்துகொண்டவர்களுக்குக் கருத்தடை மாத்திரை முழுதாக உடம்பில் சேராமல் போகவும் கூடும். புகுந்த வீட்டில் ஆபரேஷனையே மறைத்துக் கல்யாணம் செய்துகொடுத்தால், அந்தப் பெண் எந்தக் காரணத்தைச் சொல்லிக் காத்திருப்பாள்? ஏன் இரண்டு இட்லியோடு எழுந்துவிடுகிறாள், ஏன் தினமும் இத்தனை மாத்திரை என்று மாமியார் கேட்டால் என்ன சொல்லுவாள்? ரகசியத்தைச் சுமப்பது ஒரு தனி நோய். தயவுசெய்து உங்கள் மகளிடம் அதைக் கொடுத்து அனுப்பாதீர்கள்.

ஏற்கெனவே திருமணமானவர்களுக்கும் இது பொருந்தும். சுவீடனில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் குடும்ப வாழ்க்கையை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். தனியாக இருந்தவர்களுக்குப் புது உறவும் கல்யாணமும் அமைவது கூடியிருந்தது. ஜோடியாக இருந்தவர்கள் பிரிவதும் கூடியிருந்தது. ஒருவர் இளைத்து, தன்னம்பிக்கை வந்து, சிரித்துப் பேச ஆரம்பிக்கும்போது இன்னொருவருக்குப் பொறாமையும் சந்தேகமும் வரலாம். நெடுநாள் பொறுத்துப்போனவர் இனிப் பொறுக்க மாட்டேன் என்று எழுந்து நிற்கலாம். மனப் பரிசோதனைக்குக் கணவனும் மனைவியும் ஒருமுறையாவது சேர்ந்தே போவது அதனால்தான் நல்லது.

பந்தியில் என்ன செய்வீர்கள்?

நம் வீடுகளில் பாசத்துக்குப் பாதி மொழி சாப்பாடுதான். "இன்னும் ரெண்டு வை" என்று இலையில் விழும். வேண்டாமென்றால் கோபம், அழுகை, "என் கையால சாப்பிட மாட்டியா?" என்ற கேள்வி. ஆபரேஷன் ஆனவருக்கு ஒரு வேளைக்கு ஒரு சின்னக் கிண்ணம் போதும். இருபது முப்பது நிமிஷம் எடுத்து, கூழாகும் வரை மென்று சாப்பிட வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, அரைமணி கழித்துத்தான். கல்யாணப் பந்தியில் அடுத்த ஆள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கும்போது இதை எப்படிச் செய்வது? பைபாஸ் ஆனவர் பாயசம் ஒரு தம்ளர் குடித்துவிட்டால் வியர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, வயிறு பிசைந்து, அங்கேயே படுக்க வேண்டி வரலாம். விஷயம் தெரியாத விருந்தாளிகள் ஹார்ட் அட்டாக் என்று பதறுவார்கள்.

இன்னொரு பொறியும் உண்டு. முழுச் சாப்பாடு வயிற்றில் கொள்ளாது; ஆனால் மிக்சர், முறுக்கு, பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீம், சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். சோகத்திலும் சலிப்பிலும் நாள் முழுக்கக் கொறிக்கிறவருக்கு, எவ்வளவு சின்ன வயிறாக இருந்தாலும் எடை திரும்பி வரும். இந்தப் பழக்கம் உங்களுக்கு இருக்கிறதா என்று ஆபரேஷனுக்கு முன்பே கண்டுபிடிக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். என்ன சாப்பிட்டேன் என்பதோடு, அதற்கு ஐந்து நிமிஷம் முன்பு என்ன நடந்தது என்பதையும் எழுதுங்கள். போனில் யார் பேசினார், எந்தச் செய்தி வந்தது, வீட்டில் யாருமில்லையா? இரண்டு வாரம் எழுதினால், உங்களுக்குப் பசிப்பது எப்போது, வலிப்பது எப்போது என்று அந்த நோட்டே காட்டிக் கொடுத்துவிடும். அதை மனநல மருத்துவரிடம் கொடுங்கள். ஒரே நேரத்தில் கட்டுப்பாடில்லாமல் ஏராளமாகச் சாப்பிட்டுவிட்டுக் குற்ற உணர்ச்சியில் குமைவது ஒரு நோய். அதற்குச் சிகிச்சை உண்டு. முதலில் அதை எடுத்துக்கொண்டு பிறகு ஆபரேஷனுக்குப் போகலாம்.

விரதக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சஷ்டியோ ஏகாதசியோ ரமலானோ, பழைய மாதிரி இருக்க முடியுமா என்று டாக்டரைக் கேட்காமல் இருக்காதீர்கள். முதல் மாதங்களில் தண்ணீரும் புரதமும் உள்ளே போவதே போராட்டம். வழிபாட்டு வாழ்க்கையில் வரும் இந்த மாற்றமும் சிலருக்கு மனசை உறுத்தும். முன்பே யோசித்து வைப்பது நல்லது.

இதை "மனசு சரியில்லை" என்று விட்டுவிடாதீர்கள்

ஆபரேஷனுக்குப் பிறகு வாந்தி நிற்காமல் தொடர்ந்தால், உடம்பில் தயமின் என்ற வைட்டமின் பி1 வற்றிப்போகும். அப்போது பேச்சு குழறும், பார்வை இரட்டையாகத் தெரியும், நடை தள்ளாடும், இடம் காலம் குழம்பும். வீட்டில் இருப்பவர்கள் இதை மனக்குழப்பம் என்பார்கள். காற்று கருப்பு என்று மந்திரிக்கவும் கிளம்புவார்கள். அது மூளை பாதிக்கப்படுவதன் அறிகுறி. சில மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. தெருமுனை கிளினிக்கில் "வீக்கா இருக்காங்க" என்று வெறும் குளுக்கோஸ் ஏற்றுவது நிலைமையை இன்னும் மோசமாக்கும். தயமின் முதலில் போக வேண்டும். எடைக்குறைப்பு ஆபரேஷன் ஆனவர் என்பதை எந்த டாக்டரிடமும் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பி12 குறைந்தாலும் சோர்வு, மறதி, மனச்சோர்வு வரும். வைட்டமின் மாத்திரைகளும் ரத்தப் பரிசோதனையும் ஆயுள் முழுக்க. இடையில் "நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்துகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இரட்டை எச்சரிக்கை. பைபாஸுக்குப் பிறகு சில மனச்சோர்வு மாத்திரைகள் ரத்தத்தில் சேரும் அளவு குறையலாம். மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரைகள் சரியாகக் கரையாமல் போகலாம். லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு நேரெதிராக, அளவு ஏறி விஷமாகிவிடும் அபாயம் இருக்கிறது. "ஆபரேஷன் வரைக்கும் நிறுத்திக்கலாம்" என்று நீங்களாக முடிவெடுக்காதீர்கள். மறைக்கவும் செய்யாதீர்கள். உங்கள் மனநல மருத்துவரும் சர்ஜனும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டார்களா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பலர் மறைப்பதற்குக் காரணம் பயம். "டிப்ரெஷன் இருக்குன்னு சொன்னா ஆபரேஷன் பண்ண மாட்டாங்க" என்ற பயம். அது தவறான எண்ணம். சிகிச்சையில் சீராக இருக்கும் மனச்சோர்வு இந்த ஆபரேஷனுக்குத் தடை இல்லை. சிகிச்சை எடுக்காத கடும் மனச்சோர்வு, மனச்சிதைவு, தொடரும் குடி, போதைப் பழக்கம், அண்மையில் நடந்த தற்கொலை முயற்சி ஆகியவை இருந்தால் தள்ளிவைப்பார்கள். தள்ளிவைத்து, சிகிச்சை கொடுத்து, தேறிய பிறகு அழைப்பார்கள். உங்களைத் தள்ளிவைக்கும் மருத்துவமனை உங்கள் மேல் அக்கறை உள்ள மருத்துவமனை.

யாருக்கு இத்தனை அவசரம்?

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பெண்களில் 40 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் எடை கூடியவர்கள். 2022இல் சர்வதேச அறுவை சிகிச்சை அமைப்புகள் தங்கள் வழிகாட்டுதலைத் திருத்தி, ஆசிய மக்களுக்கு உடல் எடைக் குறியீடு (பி.எம்.ஐ.) 27.5 முதலே இந்த ஆபரேஷனைப் பரிசீலிக்கலாம் என்றன. மருத்துவக் காரணம் நியாயமானதே; குறைந்த எடையிலேயே நமக்குச் சர்க்கரை வந்துவிடுகிறது. ஆனால் வியாபாரக் கண்ணுக்கு அது வேறு மாதிரித் தெரிகிறது. "இந்த மாசம் புக் பண்ணினால் சலுகை", "தவணையில் கட்டலாம்", "மூன்றே நாளில் வீடு திரும்பலாம்" என்ற விளம்பரங்கள் பெருகிவிட்டன. 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகர்த் தனியார் மருத்துவமனை ஒன்றில் எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் போன இளைஞர் ஒருவர் உயிரிழந்து, அரசு விசாரணை வரை போனதைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். அப்படி ஒன்று நடந்தால் ஊரே பேசுகிறது. இரண்டாம் வருஷத்தில் ஒருவர் உள்ளுக்குள் உடைந்து போனால் செய்தியாவதில்லை.

ஆகவே நீங்களாகத்தான் கேட்க வேண்டும். சர்ஜனிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: உங்கள் குழுவில் மனநல மருத்துவர் யார், அவரை நான் ஆபரேஷனுக்கு முன் எத்தனை முறை பார்ப்பேன், இரண்டாம் வருஷத்தில் எனக்கு போன் செய்யப் போவது யார்? பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள். ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்டவரைச் சந்திக்க ஏற்பாடு செய்து கொடுப்பார்கள். நாலு மாதம் முன்பு செய்துகொண்டவரைக் காட்டினால் போதாது, நாலு வருஷம் முன்பு செய்துகொண்டவரைக் கேளுங்கள். அவர் உண்மையைச் சொல்வார்.

குறைந்தது இரண்டு மூன்று மாதம் ஒத்திகை பாருங்கள். மெதுவாகச் சாப்பிடுவது, சாப்பாட்டோடு தண்ணீரைத் தவிர்ப்பது, மனசு கனக்கும்போது சமையலறைக்குப் போகாமல் மொட்டை மாடிக்குப் போவது, ஒரு தோழியை அழைப்பது, எதுவானாலும் சரி. ஆபரேஷனுக்கு முன் கல்லீரலைச் சுருக்குவதற்காக இரண்டு வாரம் போல மிகக் குறைந்த கலோரி உணவோ திரவ உணவோ கொடுப்பார்கள். அந்த நாட்களில் உங்களுக்கு வரும் எரிச்சல், அழுகை, கோபம் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். பின்னால் வரப்போவதன் முன்னோட்டம் அது. வீட்டில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து எல்லாவற்றையும் சொல்லி வையுங்கள். அவர் உங்களுக்குப் புத்தி சொல்லாதவராக இருக்கட்டும்.

ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷம் தாண்டியவர் உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ இருக்கிறாரா? இன்றைக்கே ஒரு போன் போடுங்கள். எத்தனை கிலோ குறைந்தது என்று கேட்காதீர்கள். தூக்கம் வருகிறதா, யாரோடாவது மனம்விட்டுப் பேசுகிறாரா, மாத்திரை சாப்பிடுகிறாரா, குடி கூடியிருக்கிறதா என்று கேளுங்கள். பதிலில் சிறு சந்தேகம் வந்தாலும் அவரைத் தனியே விடாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். உங்களுக்கே அந்த நிலை என்றால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். அரசின் டெலி மனஸ் உதவி எண் 14416. இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.